ஊரில் ஓட்டு, பெங்களூரில் வேலை: எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்கலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, கே.ஆர்.புரம், ஹெப்பால் பக்கம் கட்டட வேலை, கம்பெனி வேலை, வீட்டு வேலை பார்க்கும் தமிழர்களில் நிறையப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் ஷெட்டாகப் போய் வாக்காளர் படிவம் நிரப்பித் தரும் எங்களிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

தேர்தல் சீர்திருத்தம் என்றாலே டெல்லியில் பேசுகிற பெரிய விஷயம் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஊர் எம்.எல்.ஏ.விடம் ரோடு கேட்கிறோம், பட்டா கேட்கிறோம், பஸ் கேட்கிறோம். ஓட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஆனால் கிராமத்துத் தொகுதியின் எம்.எல்.ஏ. மனது வைத்தால் நடக்கக்கூடிய சீர்திருத்தங்கள் சில உண்டு. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பத்து வருஷமாக பெங்களூரில்தான் இருக்கிறோம், ஓட்டு ஊரில் இருக்கிறது. இது தப்பா?

உங்கள் குடும்ப நிலையைப் பொறுத்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 19-ஆம் பிரிவு, ஒருவர் ‘சாதாரணமாக வசிக்கும்’ தொகுதியில்தான் பெயர் பதிய வேண்டும் என்கிறது. அடுத்து வரும் 20-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்துகிறது. ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டுமே அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டீர்கள். அதேபோல, தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டுமே ஊர்க்காரர் இல்லை என்றும் ஆகிவிடாது.

மனைவி மக்கள் அரூர் பக்கம் ஊரில் இருக்கிறார்கள், மேஸ்திரி கூப்பிட்ட சைட்டுக்கெல்லாம் மாறி மாறிப் போகிறீர்கள், விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊருக்குத் திரும்பிவிடுகிறீர்கள் என்றால் உங்கள் ஓட்டு ஊரில் இருப்பதே நியாயம். குடும்பத்தோடு இங்கே வாடகை வீடு எடுத்து, பிள்ளைகளும் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள், ஊருக்குப் போவது பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும்தான் என்றால் ஓட்டை இங்கே மாற்றுவதே முறை. சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் கிடையாது. அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் அதிகாரியின் முடிவை நம்பி இருக்க வேண்டியிருக்கிறது.

இதில் எங்களை உறுத்துவது ஒன்று. 2010-ல் வந்த சட்டத்திருத்தத்தால் 20ஏ என்ற பிரிவு சேர்ந்தது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியிலேயே வாக்காளராக இருக்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், அவ்வளவுதான். கடல் தாண்டிப் போனவருக்கு இருக்கும் இந்தத் தெளிவு, ஓசூரைத் தாண்டி வந்த சித்தாளுக்கு இல்லை. மாற வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறோம்.

இரண்டு ஊரிலும் பெயர் இருந்தால் என்ன ஆகும்? போன தேர்தலில் ஒருத்தர் இரண்டு இடத்திலும் போட்டாராமே?

கூடவே கூடாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில், ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும் (பிரிவு 17, 18). பொய் உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 31). ஒரே தேர்தலில் இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டால் இரண்டு ஓட்டுமே செல்லாது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26 என்று ஒரு வாரம் இடைவெளி வந்தபோது சிலருக்கு இந்த ஆசை வந்தது. பழைய பதிவு தெரியாமல் கிடந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள்.

ஊர் ஓட்டை இங்கே மாற்றிவிட்டால் ஊரில் எதெல்லாம் போகும்?

இந்தக் கேள்விக்கு நாங்கள் எப்போதுமே நிதானமாகத்தான் பதில் சொல்வோம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் தயாராகிறது. ஓட்டை மாற்றினால் எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டோடு வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டும் சேர்ந்தே போய்விடும். கிராம சபையும் அப்படித்தான். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைத்தான் அரசமைப்புச் சட்டம் கிராம சபை என்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் எழுந்து நின்று, ‘எங்கள் தெருவுக்குத் தண்ணி வரலை’ என்று கேட்கும் உரிமை பட்டியலில் இருப்பவருக்குத்தான்.

ஊரில் நிலம் இருக்கிறது, வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள், கடைசியில் திரும்பிப் போய் உட்காரப் போவதும் அங்கேதான் என்பவருக்கு இது சின்ன இழப்பு இல்லை. பெங்களூரில் அதற்கு ஈடாக வார்டு ஓட்டு கிடைக்கிறதா என்றால், மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து ஐந்து வருடம் ஓடியும் அடுத்த மன்றத்துக்குத் தேர்தல் வரவில்லை. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது.

ரேஷன் கார்டு பயம் வேறு கதை. வாக்காளர் பட்டியலுக்கு ஒரு சட்டம், குடும்ப அட்டைக்கு வேறு விதிகள். ஓட்டை மாற்றியதால் கார்டு தானாக ரத்து ஆகிவிடாது. ‘ஓட்டு இங்கே இல்லைன்னா கார்டை வெட்டிடுவோம்’ என்று யாராவது மிரட்டினால் அதற்கு எந்தச் சட்டமும் துணை இல்லை.

இங்கே மாற்ற என்ன வேணும்? ஓனர் அக்ரிமென்ட் தரமாட்டேன் என்கிறார்.

ஏற்கெனவே எங்கேயாவது பெயர் இருந்தால் படிவம் 8. முதல் முறையாகச் சேர்கிறவருக்குப் படிவம் 6. ஆதார், வங்கி பாஸ்புக், கேஸ் பில், கரண்ட் பில் இவற்றில் எதிலாவது இந்த முகவரி இருந்தால் போதும். ஓனர் அக்ரிமென்ட் கட்டாயம் இல்லை.

ஷெட்டில் இருப்பவர்களிடம் இதில் ஒன்றும் இருக்காது. அப்போதும் கை விரிக்க வேண்டாம். முகவரிச் சான்று இல்லாதவர்களின் இடத்துக்கு நேரில் வந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வீடற்றவர்கள் என்றால் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்தால் போதும். காகிதம் எதுவும் கேட்கக் கூடாது. இந்த விதி எல்லா அலுவலருக்கும் நினைவில் இருக்காது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ரசீது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

18 வயது நிரம்பும் பிள்ளைகளுக்கு இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் இருந்தது.

இங்குள்ள பட்டியலில் பெயர் தப்பாக வந்திருக்கிறது.

படிவம் 8-லேயே திருத்தலாம். இனிஷியல் சிக்கல்தான் அதிகம். ஆதாரில் ‘மு. செல்வி’ என்றும் வேறு தாளில் ‘செல்வி முனியப்பன்’ என்றும் இருந்தால் குழப்பம் வரும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

எஸ்.ஐ.ஆர். வந்தபோது ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. பெயரே போய்விட்டது. என்ன செய்ய?

எஸ்.ஐ.ஆர். என்பது வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம். தமிழ்நாட்டில் அதன் கணக்கெடுப்பு 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி ‘இடம் பெயர்ந்தவர்கள்’ என்ற கணக்கில் போனவை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் நீக்கப்பட வேண்டியவைதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூட்டிய வீடு என்றால் இடம்பெயர்ந்த வீடு என்று எடுத்துக்கொண்டால், பிழைப்புக்கு வந்தவர்களின் பெயர்தான் முதலில் போகும். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கொடுக்கலாம் என்று அப்போது அனுமதி இருந்தது. அது பல ஊர்களில் பாட்டிமார்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பெயர் போயிருந்தால், ஊரில்தான் சாதாரணமாக வசிக்கிறீர்கள் என்றால், உறுதிமொழியோடு ஊரிலேயே படிவம் 6 கொடுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் மேல்முறையீடு. அங்கேயும் முடியாவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இந்த இரண்டு நாள் கணக்கையும் சுவரில் எழுதி வையுங்கள்.

ஊர் எம்.எல்.ஏ. செய்யக்கூடிய காரியம் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பூத்துக்கும் கட்சிகள் ஒரு முகவரை நியமிக்கலாம். ‘உங்கள் பூத் முகவர் எங்கள் தெருவின் நீக்கப் பட்டியலைப் படித்துப் பார்த்தாரா? வெளியூரில் இருப்பவர்களுக்கு போன் பண்ணினாரா?’ என்று நேராகக் கேளுங்கள். தேர்தல் அன்று மட்டும் போன் பண்ணத் தெரிந்த கட்சிக்கு, பட்டியல் வெளிவரும் அன்றும் பண்ணத் தெரிய வேண்டும்.

யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டு நம் பெயரை நீக்கிவிட முடியுமா?

விண்ணப்பம் போட முடியும், நீக்க முடியாது. பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. அந்தத் தொகுதியின் வாக்காளர்தான் அதைக் கொடுக்கலாம். உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, உங்கள் பேச்சைக் கேட்ட பிறகே நீக்க வேண்டும்.

ஆனால் முயற்சி நடக்காமல் இல்லை. கர்நாடகத்தில் மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய ஆலந்த், கலபுரகி மாவட்டத்துக் கிராமத் தொகுதி. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அங்கே ஆன்லைனில் 6,018 படிவம் 7 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. உயிரோடு, ஊரிலேயே இருக்கிறவர்களின் பெயரை நீக்கச் சொல்லி வந்த விண்ணப்பங்கள் அவை. விண்ணப்பித்ததாகக் காட்டப்பட்டவர்களுக்கே விஷயம் தெரியாது. ஒரு பி.எல்.ஓ.வின் உறவினர் பெயரையே நீக்கச் சொல்லி வந்த விண்ணப்பத்தால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது என்று செய்திகள் வந்தன. அந்தத் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. பி.ஆர்.பாட்டீல் புகாரைக் கையில் எடுத்தார். 2018-ல் அவர் தோற்றது 697 ஓட்டு வித்தியாசத்தில். ஆறாயிரம் பெயர் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிகாரிகள் நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். 24 விண்ணப்பம் மட்டுமே உண்மை என்றும் 5,994 தவறானவை என்றும் தேர்தல் ஆணையமே பின்னர் சொன்னது. 2023 பிப்ரவரியில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. மே மாதத் தேர்தலில் பாட்டீல் பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். விண்ணப்பங்களுக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடிக்க 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

எந்தக் கட்சி யாரைக் குற்றம் சொல்கிறது என்பது இங்கே நமக்கு வேண்டாம். பட்டியலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு அரசியல்வாதியும், கேள்வி கேட்ட ஒரு கீழ்மட்ட ஊழியரும் இருந்ததால் பெயர்கள் தப்பின. ஊரில் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் ஓட்டுப் போடும் நாளில் பூத் வாசலில்தான் மக்களுக்குத் தெரிந்திருக்கும். தேர்தல் சீர்திருத்தம் என்று நாங்கள் சொல்வது முதலில் இந்த வேலையைத்தான்.

நம் எம்.எல்.ஏ.வால் தேர்தல் சட்டத்தையே மாற்ற முடியுமா?

மக்களவை, சட்டமன்றத் தேர்தலை நடத்துவது தேர்தல் ஆணையம் (அரசமைப்புச் சட்டம் 324). சட்டம் போடுவது முக்கியமாக நாடாளுமன்றம் (327). நாடாளுமன்றம் விட்டுவைத்த இடத்தில் மட்டும் சட்டமன்றம் தொடலாம் (328), அந்த இடமும் மிகக் குறைவு. ஓட்டு இயந்திரம், கட்சி நிதி, வேட்பாளர் தகுதி பற்றியெல்லாம் மாற்றம் வேண்டுமென்றால் எம்.பி.யைத்தான் பிடிக்க வேண்டும். சட்டமன்றம் தீர்மானம் போடலாம். 2024 பிப்ரவரியில் ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ திட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் போட்டது அப்படிப்பட்ட தீர்மானம்தான். அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் பதிவாகும்.

உள்ளாட்சித் தேர்தல் அப்படி இல்லை. அது முழுக்க மாநிலச் சட்டமன்றம் எழுதும் சட்டம், நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016-ல் வந்தது சட்டமன்றத்தில்தான். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்கும் மசோதாக்கள் 2025-ல் வந்ததும் அங்கேதான். ஆகவே ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்று எம்.எல்.ஏ. சொன்னால், பஞ்சாயத்தைக் கேளுங்கள். அது அவர் கையில்தான் இருக்கிறது.

பஞ்சாயத்துத் தேர்தல் ஏன் தள்ளிப் போகிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். ஐந்து வருட காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஈ பிரிவு சொல்கிறது. வார்டு வரையறை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கர்நாடகத்திலும் 2021-ல் காலம் முடிந்த மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளுக்குத் தேர்தல் வராமலே வருடங்கள் போயின.

தலைவர் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? பி.டி.ஓ. ஆபீசுக்குப் போக ஒரு நாள் கூலி போகும். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு போன் வரும், அவர் எம்.எல்.ஏ. ஆபீசுக்கு போன் போடுவார். வார்டு மெம்பர் பார்க்க வேண்டியதெல்லாம் எம்.எல்.ஏ. தலையில் விழுகிறது. அதில் அவருக்கு ஒரு செல்வாக்கும் கிடைக்கிறது என்பதால், தேர்தலை விரைவுபடுத்தச் சொல்லி எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் சட்டமன்றத்தில் மல்லுக்கு நிற்பதில்லை. நிற்க வைக்க வேண்டியது நாம்தான்.

ஊரில் ஓட்டு நாள் அன்று இங்கே லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவைச் சொல்லுங்கள். மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு உள்ள எந்தத் தொழிலாளிக்கும் ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது உண்டு. வேலை செய்யும் இடம் ஒரு தொகுதி, ஓட்டு வேறு தொகுதி என்றாலும் பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

நடைமுறையில் எப்படி? மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். பெங்களூரில் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கும் கீழே. ஓட்டு ஒரு நாள், போக ஒரு ராத்திரி, திரும்ப ஒரு ராத்திரி. இரண்டு நாள் வேலை போகும் என்று கான்ட்ராக்டர் ஆளையே மாற்றிவிடுவார். இந்தத் தொகையை உயர்த்த வேண்டியது நாடாளுமன்றம். ஆனால் தமிழ்நாட்டில் தேர்தல் தேதி வந்ததும் ‘உங்கள் மாநிலத்தில் வேலை செய்யும் எங்கள் வாக்காளர்களுக்கு விடுமுறை உத்தரவு போடுங்கள்’ என்று கர்நாடகத் தொழிலாளர் துறைக்குத் தமிழ்நாடு அரசு எழுத, சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சட்டமன்றத்தில் ஒரு கேள்வி போதும். இதைக் கேட்கும் முதல் எம்.எல்.ஏ. உங்கள் எம்.எல்.ஏ.வாக இருக்கட்டும்.

கட்சிக்காரர்கள் மடிவாளாவிலிருந்து ஓசி பஸ் விடுகிறார்கள். ஏறலாமா?

வேண்டாம். வாக்காளர்களை இலவசமாக வண்டியில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டு வருவது 123(5) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. தேர்தல் வழக்கில் நிரூபணமானால் ஜெயித்தவரின் வெற்றியே ரத்தாகலாம். 133-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஓட்டு நாளுக்கு முந்தின ராத்திரி சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவரிடம் சட்டம் மட்டும் பேசினால் போதாது. தனியார் பஸ்ஸில் கட்டணம் ஏறிவிடும், அரசு பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஓசி பஸ்ஸின் வேர் அங்கேதான் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிறப்புப் பேருந்து விடுகிற மாதிரி ஓட்டு நாளுக்கும் பெங்களூரிலிருந்து ஒவ்வொரு தாலுகாவுக்கும் போதுமான பேருந்து கேளுங்கள். எந்தக் கட்சிக்கும் சாயாத கோரிக்கை, எம்.எல்.ஏ. தாராளமாக முன்வைக்கலாம்.

காசு வாங்கிவிட்டோம், சத்தியமும் பண்ணச் சொன்னார்கள். அவருக்கே போட வேண்டுமா?

இல்லை. அச்சுறுத்தி வாங்கிய சத்தியம் உங்களைக் கட்டாது, ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. காசு கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். அதை மறைக்க விரும்பவில்லை.

காசு ஓட்டு நம் மாநிலத்துக்கே பெரிய அவமானமாக ஆகிவிட்டது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயரே ஒரு ‘ஃபார்முலா’வாக நிலைத்தது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் ரத்தாயின. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் என்று தொடர்ந்தது. தேர்தல் ரத்தானதே தவிர, கொடுத்தவர்கள் போட்டியிலிருந்து விலக்கப்படவில்லை. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் கவர் காசு வராது என்பது ஊருக்கே தெரியும்.

தேர்தல் நேரத்தில், முறைகேடுகளைப் புகார் செய்யும் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் வீடியோவோ படமோ எடுத்து அனுப்பலாம், உங்கள் பெயரை மறைத்தும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு.

இங்கே இருந்துகொண்டே ஊர் ஓட்டைப் போட வழியே இல்லையா?

இன்றைக்கு இல்லை. முயற்சி நடந்தது. 2022 டிசம்பர் 29-ல் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் இயந்திரம். பொம்மசந்திராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதை வைத்தால் பென்னாகரத்துக்காரரும் செங்கத்துக்காரரும் சங்கராபுரத்துக்காரரும் அதே அறையில் அவரவர் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம். 2023 ஜனவரி 16-ல் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். எதிர்க்கட்சிகள் பலவும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தோடு நின்றது.

கட்சிகளின் தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டோம். புலம்பெயர்ந்த வாக்காளர் யார் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. பென்னாகரத்துச் சுயேச்சை வேட்பாளர் பெங்களூரில் ஏஜென்ட் வைக்க முடியுமா? கன்னட நாட்டில் தமிழ்நாட்டுத் தேர்தலின் நடத்தை விதியை யார் பார்ப்பது? இவை நியாயமான கேள்விகள். ஆனால் கேள்வி இருக்கிறது என்பதற்காகக் கோப்பை மூடியது நியாயம் இல்லை. பள்ளத்தாக்கை விட்டு வந்த காஷ்மீரிகளுக்கு ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் தனிச் சாவடி வைத்து ஓட்டு வாங்குகிறார்கள். வெளியூரில் சாவடி வைக்க முடியும் என்பது நிரூபணமான விஷயம். இயந்திரமே வேண்டாம், பெங்களூரில் குறிப்பிட்ட சில இடங்களில், முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு மட்டும், தபால் ஓட்டுச் சீட்டில் சோதனையாகத் தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. எல்லை மாவட்ட எம்.எல்.ஏ.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து இதற்குச் சட்டமன்றத்தில் தனி உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம்.

அப்போ தபால் ஓட்டு?

இப்போதைக்கு ராணுவத்தினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும். 85 வயது தாண்டியவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள்.

எம்.எல்.ஏ. லெட்டர் பேடில் கடிதம் வாங்கிவந்தால் பெயர் சேர்ப்பார்களா?

மாட்டார்கள். அது முகவரிச் சான்று இல்லை. அதற்காக அவர் வீட்டு வாசலில் காத்திருந்து நாளை வீணாக்க வேண்டாம்.

சரி, மனுவில் என்ன எழுதுவது?

‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடியும் பொது மனு பி.ஏ. மேஜையோடு நின்றுவிடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியும்படி எழுதுங்கள். இப்படி:

‘மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, நாங்கள் உங்கள் தொகுதி, இன்ன ஊராட்சி, பாகம் எண் இன்னதின் வாக்காளர்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறோம். பெயர், வாக்காளர் அட்டை எண் இணைப்பில். எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் எந்த மாதம் நடக்கும் என்று வரும் கூட்டத்தொடரில் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரிடம் கேள்வி எழுப்பித் தர வேண்டும். கேட்ட கேள்வியின் நகலும் பதிலும் எங்களுக்கு வேண்டும்.’

வாக்காளர் அட்டை எண்ணோடு இருபது கையெழுத்து இருந்தால் எந்த எம்.எல்.ஏ.வும் இரண்டாவது தடவை படிப்பார். பெரியவர் ஒருவர், பெண் ஒருவர், முதல் ஓட்டுக்காரப் பிள்ளை ஒருவர் நேரில் போய்க் கொடுங்கள். ‘அண்ணே’ என்று கூப்பிடுங்கள், ‘ஐயா’ என்று கூப்பிடுங்கள், அது உங்கள் பழக்கம். ஆனால் உதவி கேட்கிற குரலில் கேட்காதீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அவருக்கு வருகிறது, எல்லோரும் அதிலிருந்துதான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்பது அவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று செய்ய வேண்டிய வேலை. ஒரு ரூபாய் செலவில்லை.

கொடுத்தோம், பதிலே இல்லை.

சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. தொகுதிவாசி நேரடியாக அதற்கே மனு அனுப்பலாம், குழு மாவட்டங்களுக்கும் வருகிறது. பட்டியல் சம்பந்தப்பட்டது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் பாகத்தில், அதாவது பட்டியலில் உங்கள் பூத்துக்கான பகுதியில், நீக்கப்பட்ட பெயர்களையும் காரணத்தையும் கேளுங்கள். பெங்களூரில் இருந்தபடி ஊர் விவரம் தெரிய, தேர்தல் ஆணையத்தின் இலவச எண் 1800-11-1950. அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பாகம் எண், வரிசை எண், பி.எல்.ஓ. யார் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த பி.எல்.ஓ.வை, அவர் அங்கன்வாடி அக்காவாகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார், போய்ப் பார்த்து உங்கள் பெங்களூரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.